வேண்டும் என்பவர் யார்

1

இங்கிலீஷில் ஒருவன் வருவதை இன்னொருவன் விரும்பினால், வருகிறவன் எழுவாயாக இருக்க முடியாது. ‘ஐ வாண்ட் ஹிம் டு கம்’ என்றுதான் சொல்லியாக வேண்டும். வருவது அவன். பஸ் ஏறுவது, தெருவில் நடப்பது, கதவைத் தட்டுவது எல்லாம் அவன். இருந்தும் அவன் ‘ஹீ’ அல்ல, ‘ஹிம்’. இன்னொருவனுடைய விருப்பத்துக்குள் அகப்பட்ட மாத்திரத்தில் செயப்படுபொருளாகிவிடுகிறான். தமிழில் இதே சங்கதி ‘அவன் வர வேண்டும்’ என்று வரும். அவன் அவனாகவே நிற்கிறான். இங்கே காணாமல் போகிறவன் விரும்புகிறவன்.

இதை இலக்கண வாத்தியார்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாம். நம்மில் பலருக்கு இலக்கணம் பள்ளிக்கூடத்தோடு தீர்ந்துபோன விவகாரம். ஆனால் கவிதை எழுதுகிறவனும் விமர்சனம் எழுதுகிறவனும் நாள்தோறும் புழங்குகிற ஒரு வாக்கிய அமைப்பில் ஓர் ஆள் மறைந்துபோகிறான் என்றால், அவன் யார், எதற்காக மறைகிறான் என்று கேட்பது இலக்கணத்தோடு நின்றுவிடுகிற கேள்வி அல்ல. நான் மொழியியல் படித்தவன் இல்லை. கூனிமேட்டில் சில வருஷங்கள் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன். இரவில் கவிதைகள் மொழிபெயர்த்தேன். இரண்டு வேலையிலும் கால் இடறியது இந்த ஒரே கல்லில்தான்.

கூனிமேடு, மரக்காணத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் கடற்கரைச் சாலையில் இருக்கிறது. பள்ளிவாசல், கடைகள், கடலையொட்டி மீனவர் குப்பம். வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள். நான் குடியிருந்த தெருவில் வளைகுடா நாடுகளுக்கு ஆள் போகாத வீடு குறைவு. ஊர்ப் பெயரில் கூன் இருப்பதை வைத்துச் சிலேடை பண்ண எனக்கு உத்தேசமில்லை, வளைந்து நிற்கிற சொற்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன் என்றாலும்.

பிள்ளைகள் ரென் அண்டு மார்ட்டினையோ, அதிலிருந்து யாரோ எப்போதோ எடுத்த நோட்ஸையோ கொண்டுவருவார்கள். ‘அவன் வர வேண்டும் என்று விரும்புகிறேன்’ என்பதை எழுதச் சொன்னால் பாதிப் பேர் ‘ஐ வாண்ட் ஹீ ஷுட் கம்’ என்று எழுதுவார்கள். கொஞ்சம் தேறியவர்கள் ‘ஐ வாண்ட் ஹீ டு கம்’. இரண்டிலும் ‘ஹீ’ இருக்கிறது. சிவப்பு மையால் அடித்து ‘ஹிம்’ என்று திருத்துவேன். ஒரு நாள் பிளஸ் டூ படித்த ஒரு பெண் எழுந்து கேட்டாள்: “சார், வர்றது அவன்தானே? அப்புறம் ஏன் ‘ஹிம்’?”

‘வாண்ட்’டுக்குப் பின்னால் வருகிறது, அதனால் ‘ஹிம்’ என்றேன்.

“அப்ப ‘டு கம்’முக்கு யார் சார்?”

அந்தப் பெண்ணுக்குத் தெரியாது, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மொழியியல்காரர்கள் இந்தக் கேள்வியை எழுதி எழுதி அலமாரிகளை நிரப்பியிருக்கிறார்கள் என்று. ‘டு கம்’ என்பதற்குள் ஆள் இல்லை. ஆனால் ஆள் இல்லாமல் வருகை நடக்காது. அந்தக் காலி இடத்தை யார் வந்து நிரப்புகிறார்கள் என்பதுதான் விஷயம்.

2

முதலில் இங்கிலீஷையே பார்க்கலாம். அது இப்போது இருக்கிற மாதிரி எப்போதும் இருந்ததில்லை.

‘ஐ வாண்ட் தி பாய் டு கம்’ என்றால் பையன் மாறுவதில்லை. எழுவாயாக வந்தாலும் செயப்படுபொருளாக வந்தாலும் ‘தி பாய்’தான். வளைவது பிரதிபெயர்கள் மட்டும்: ஐ - மீ, ஹீ - ஹிம், ஷீ - ஹர், வீ - அஸ், தே - தெம். முன்னிலையான ‘யூ’கூட அந்த வித்தியாசத்தை இழந்துவிட்டது. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய இங்கிலீஷில் பெயர்ச்சொற்களுக்கும் வேற்றுமை உருபுகள் இருந்தன. அவை உதிர்ந்துபோக, பிரதிபெயர்களில் மாத்திரம் மிச்சம் நிற்கிறது. நீர் வற்றிய பாத்தியின் ஓரத்தில் வெள்ளைக் கோடு நிற்குமே, அது போல.

இன்னொன்று. இன்று இரண்டாம் வேற்றுமையின் வேலையைச் செய்கிற ‘ஹிம்’ பழைய இங்கிலீஷில் நான்காம் வேற்றுமை. ‘அவனை’ என்பதற்கு ‘ஹினே’ என்று தனிச்சொல் இருந்தது. அது செத்துப்போக, ‘அவனுக்கு’ என்று பொருள்பட்ட ‘ஹிம்’ அதன் இடத்தையும் எடுத்துக்கொண்டது. ‘டு’ என்பதும் அப்படித்தான். பழைய இங்கிலீஷில் ‘டு’வுக்குப் பின்னால் வந்த வினை நான்காம் வேற்றுமை உருபு ஏற்ற ஒரு பெயர் போல நின்றது. நம்முடைய ‘வருதற்கு’ மாதிரி. ஆக ‘ஹிம் டு கம்’ என்பதை அதன் எலும்பு வரைக்கும் போய்ப் பார்த்தால், ‘அவனுக்கு, வருதற்கு’. இரண்டு ‘கு’. அதிகாரம் பண்ணுகிற வாக்கியம் போல இன்று ஒலிக்கிற ஒன்றுக்குள் கொடுத்தலின் வேற்றுமை இரண்டு முறை புதைந்து கிடக்கிறது.

‘வாண்ட்’ என்கிற வினையும் விரும்புதல் என்ற பொருளில் பிறந்ததல்ல. வடக்கத்தி நார்ஸ் மொழியிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு மூலப்பொருள் குறைதல், இல்லாமலிருத்தல். பழைய இங்கிலீஷ் பைபிளில் அந்தச் சொல் வருகிற இடத்தில் ‘விரும்பு’ என்று படித்தால் அர்த்தம் கெட்டுவிடும். விருப்பம் என்ற பொருள் பதினெட்டாம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. ‘எனக்குத் தோன்றுகிறது’ என்பதை ஷேக்ஸ்பியர் காலத்து மனுஷன் ‘மீதிங்க்ஸ்’ என்றான். அந்த ‘மீ’ நம் ‘எனக்கு’. தோன்றுகிற காரியத்தில் தான் கர்த்தா அல்ல, தோற்றம் தன்னிடம் வருகிறது என்ற உணர்வு அதில் இருந்தது. பின்னால் அவன் ‘ஐ திங்க்’ என்று நிமிர்ந்துகொண்டான். நாம் இன்னும் ‘எனக்குத் தோன்றுகிறது’, ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்கு வேண்டும்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இதனால் இங்கிலீஷ் அகங்காரம் பிடித்த பாஷை, தமிழ் அடக்கமான பாஷை என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். அந்த மாதிரி மொழிப் பெருமைக்கு நம்மிடம் பஞ்சமில்லை. இங்கிலீஷும் ஆளை மறைக்கத் தெரிந்த மொழிதான். ‘ஐ பர்சுவேடட் ஹிம் டு கோ’ என்றால் போனவன் அவன். ‘ஐ ப்ராமிஸ்ட் ஹிம் டு கோ’ என்றால் போகப் போகிறவன் நான். வாக்கியத்தின் மேல்தோல் ஒன்றே. ‘ஹிம்’ அதே இடத்தில் அதே உருவில் நிற்கிறது. போகிற கால்கள் மட்டும் வேறு. ‘ஹீ ஈஸ் ஸ்லோ டு அண்டர்ஸ்டாண்ட்’ என்றால் புரிந்துகொள்ள வேண்டியவன் அவன். ‘ஹீ ஈஸ் ஹார்ட் டு அண்டர்ஸ்டாண்ட்’ என்றால் அவன் புரியாதவன், புரிந்துகொள்ள வேண்டியவர்கள் நாம். இந்த மாதிரி ஜோடிகளை வைத்துத்தான் சாம்ஸ்கி 1960களில் வாக்கியத்தின் புறத்தோற்றத்தை நம்பக் கூடாது என்று வாதாடினார். நம் புதுக்கவிதை பற்றிய சண்டைகள் எல்லாமே இந்த இரண்டாவது ஜோடிக்குள் அடங்கிவிடும் என்பது என் சொந்த அபிப்பிராயம். கவிதை ‘ஹார்ட்’டா, வாசகன் ‘ஸ்லோ’வா?

3

‘டு கம்’ மாதிரியான வினைக்கு இங்கிலீஷ் இலக்கணத்தில் இன்ஃபினிட்டிவ் என்று பெயர். லத்தீனிலிருந்து வந்தது. எல்லை கட்டப்படாதது என்று அர்த்தம், அதாவது இடத்தாலும் எண்ணாலும் வரம்பு கட்டப்படாதது. லத்தீன் இலக்கணத்தில் வேற்றுமைக்குப் பெயர் ‘விழுதல்’. எழுவாய் நிமிர்ந்து நிற்பது, மற்றவை சாய்ந்தவை. இன்ஃபினிட்டிவின் கர்த்தா இரண்டாம் வேற்றுமையில்தான் வரும் என்பது லத்தீனின் புகழ்பெற்ற விதி. பிறர் சொல்வதாக, பிறர் நினைப்பதாக ஒருவனைப் பற்றிச் சொன்னால் அவன் சாய்ந்துவிட வேண்டும்.

இந்தச் சட்டகத்தை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பாதிரிமார்கள் தமிழைப் பார்த்தார்கள். சீகன்பால்குவின் தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் லத்தீனில் அச்சானது. பெஸ்கியின் கொடுந்தமிழ் இலக்கணமும் லத்தீனில்தான், 1738இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. பிறகு இங்கிலீஷில் எழுதிய போப்பும், 1856இல் ஒப்பிலக்கணம் வெளியிட்ட கால்டுவெல்லும் ‘செய’ என்ற வாய்பாட்டை இன்ஃபினிட்டிவ் என்றார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. தெரிந்ததை வைத்துத்தான் தெரியாததைப் பிடிக்க முடியும்.

ஆனால் நம்மவர்கள் வைத்திருந்த பெயர் வேறு: எச்சம். மிச்சம், இன்னும் முடியாதது. தொல்காப்பியம் வினையெச்ச வாய்பாடுகள் ஒன்பது சொல்கிறது. நன்னூல் பன்னிரண்டு. எண்ணிக்கையைவிட அவர்கள் கவனித்த விஷயம் முக்கியம். எந்த எச்சம் தன் முடிக்கும் வினையோடு ஒரே கர்த்தாவைப் பகிர்ந்துகொள்கிறது, எது வேறு கர்த்தாவை வைத்துக்கொள்ளலாம் என்று தொல்காப்பியர் பிரித்துவிட்டார். ‘செய்து’ உள்ளிட்ட முதல் மூன்றுக்கும் ஒரே கர்த்தா வேண்டும். ‘செய’ முதலியவற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பிளஸ் டூ பெண் கேட்ட ‘அப்ப யார் சார்?’ என்ற கேள்வியை அவரும் கேட்டிருக்கிறார்.

‘வெயில் ஏற உப்பு பூத்தது.’ பூத்தது உப்பு. ஏறியது வெயில். ‘ஏற’ என்பதன் கர்த்தாவான வெயில் எந்த உருபும் ஏற்காமல், சாயாமல், தன் இடத்தில் நிற்கிறது. ஒரு வாக்கியத்தில் இரண்டு எழுவாய்கள், ஒன்றின்மேல் ஒன்று அதிகாரம் செலுத்தாமல். இங்கிலீஷில் இதைச் சொல்லப் போனால் உடனே ‘வென்’, ‘பிகாஸ்’, ‘ஆஸ்’ என்று ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். வெயில் ஏறியபோதா, ஏறியதாலா, ஏற ஏறவா? தமிழ் ‘ஏற’ மூன்றையும் சொல்லாமல் சொல்லிவிட்டுப் போகிறது. ‘பொழுது சாய வீடு திரும்பினார்கள்’ என்பதில் அது பொழுது. ‘உப்பு வாரப் போனார்கள்’ என்பதில் அது நோக்கம். காரணம், உடனிகழ்ச்சி, நோக்கம் மூன்றுக்கும் ஒரே உருவம்.

மரக்காணத்துப் பாத்திகளைப் பார்த்தவர்களுக்கு இந்த இலக்கணம் கண்ணில் தெரியும். உவர்நீரைப் பாத்திக்குப் பாத்தி விடுகிறார்கள். நீர் கனக்கிறது. கடைசிப் பாத்தியில் ஒரு ஆடை போலப் படிகிறது. நீண்ட கம்பில் பலகை வைத்த வாருகோலால் இழுத்து வரப்பில் குவிக்கிறார்கள். பெண்கள் கூடையில் சுமந்து மேட்டில் கொட்டுகிறார்கள். வடகிழக்குப் பருவமழை இறங்கினால் எல்லாம் நின்றுபோகும். இதில் உப்பை உண்டாக்குகிறவர் யார்? ஆள் வேலை செய்கிறான், வெயில் தன் வேலையைச் செய்கிறது, காற்று தன் வேலையை. ஒருவர் வேலைக்கு இன்னொருவர் செயப்படுபொருள் என்று சொல்ல முடியாது. ‘அவர்கள் நீர் விட, வெயில் காய, காற்று வீச, உப்பு இறங்கியது.’ நான்கு எழுவாய். இங்கிலீஷில் இதை எழுதினால் யாராவது ஒருவர் முதலாளி ஆகிவிடுவார்.

சங்கக் கவிதையின் நடை பெரும்பாலும் இதில்தான் நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மழை பெய்வது, தேர் வருவது, முல்லை பூப்பது எல்லாம் எச்சங்களாக அடுக்கி நிற்க, கடைசியில் ஒரு மனசு வந்து வாக்கியத்தை முடிக்கும். இயற்கையும் ஆளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். இன்னது காரணம், இன்னது விளைவு என்று கட்டப்படுவதில்லை. ஏ.கே. ராமானுஜன் 1967இல் குறுந்தொகைப் பாடல்களை இங்கிலீஷில் கொண்டுவந்தபோது எதிர்ப்பட்ட கஷ்டம் இதைச் சேர்ந்தது. தமிழ்த் தொடர் இடப்பக்கமாக வளர்வது, இங்கிலீஷ் வலப்பக்கமாக வளர்வது பற்றி அவரே பின்னால் விரிவாகப் பேசியிருக்கிறார். வரிகளைத் தலைகீழாக்கி, உடைத்து, படியில் இறங்குகிற மாதிரி அடுக்கினார். அதற்கு மேல் ஒன்று உண்டு. முடிக்கும் வினை வரும் வரை நம்மிடம் ஆள் தெரியாமல் இருக்கலாம். ‘போனேன்’ என்பதற்குள் நான் இருக்கிறேன். ‘போக’ என்பதற்குள் யாரும் இல்லை. இங்கிலீஷ் கவிதை முதல் வரியிலேயே ‘ஐ’ என்றோ ‘ஷீ’ என்றோ ஆளைக் காட்டிவிட வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்துக் கஷ்டம் எதிர்த்திசையில் வருகிறது. மொழிபெயர்ப்பைப் படித்துப் படித்து நம் கவிதையிலும் உரைநடையிலும் ‘நான்’ தேவையில்லாத இடத்தில் எல்லாம் முளைத்துவிட்டது. ‘மழை பெய்த காரணத்தினால்’ என்று எழுதுகிறோம். ‘பெய்ய’ போதாதென்று தோன்றுகிறது. ‘நான் அவனை வர விரும்புகிறேன்’ என்று கைபேசியின் மொழிபெயர்ப்பு இயந்திரம் எழுதிக் காட்டியதுண்டு. அது எந்த மொழியுமல்ல, சாய்ந்து நிற்கிற ‘ஹிம்’முக்குத் தமிழ் வேஷ்டி கட்டியது.

4

இப்போது ‘வேண்டும்’.

‘வேண்டும்’ என்பது விசித்திரமான சொல். உருவத்தால் அது படர்க்கை. யாரையும் குறிக்காதது. நான் என்றாலும் நீ என்றாலும் அவர்கள் என்றாலும் ‘வேண்டும்’தான். விரும்புகிறவன் உள்ளே வரவேண்டுமானால் ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் வரலாம். வராமலும் இருக்கலாம். ‘நான் போகணும்’ என்றால் கடமை, ‘எனக்குப் போகணும்’ என்றால் ஆசை, அல்லது அவசரம். ‘எனக்கு அவன் வரணும்’ என்றால் இரண்டு பேரும் இருக்கிறார்கள், விரும்புகிறவன் ‘கு’வோடு, வருகிறவன் எழுவாயாக. இங்கிலீஷில் நிமிர்ந்தவன் இங்கே சாய்ந்திருக்கிறான், அங்கே சாய்ந்தவன் இங்கே நிமிர்ந்திருக்கிறான். ‘லெட் ஹிம் கம்’ என்பதும் நம்மிடம் ‘அவன் வரட்டும்’. அனுமதி கொடுக்கிறவன் வாக்கியத்தில் இல்லை. ‘வர ஒட்டும்’ என்பது தேய்ந்து ‘வரட்டும்’ ஆனது என்பார்கள். ஒட்டுதல் என்றால் சம்மதித்தல். சம்மதம் சொல்லுக்குள் கரைந்துவிட்டது.

‘வேண்டு’ என்ற வினை தன்மை விகுதி ஏற்று இன்றைய பேச்சில் வருகிற இடம் ஒன்றே ஒன்று: ‘வேண்டுகிறேன்’. அப்போது பொருள் மாறிவிடுகிறது, கெஞ்சுகிறேன். மழை மாதங்களில் வேலையில்லாத உப்பளத் தொழிலாளர்கள் மனு எழுதினால், உடலில் ‘நிவாரணம் வழங்க வேண்டும்’ என்று இருக்கும், கேட்பவர் பெயர் கிடையாது. கடைசி வரியில் ‘ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்’. நாம் என்று வெளியே வந்து நிற்கிற நேரத்தில் முதுகு வளைந்திருக்கிறது. உரிமையாகக் கேட்கும்போது ஆள் இல்லை. ஆள் வரும்போது உரிமை இல்லை. இதை இலக்கணத்தின் குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இது எழுத்தில் வேலை செய்கிறது.

கைபேசி வருவதற்கு முன்னால், இங்கிலீஷ் தெரிந்தவன் என்ற முறையில் தெருவில் பலருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு சாயங்காலம் ஒரு பெண் மாமியாரோடு வந்தாள். கணவர் வளைகுடாவில் ஒரு கம்பெனியில். ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது. பாஸ்போர்ட் கம்பெனியிடம். அனுப்பவில்லை. கம்பெனிக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் போட வேண்டும்.

“என்னம்மா எழுதணும்?”

“புள்ளைங்க அத்தா வரணும்னு எழுதுங்க சார்.”

பேனாவைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ‘வரணும்.’ அவ்வளவுதான் வாசகம். இங்கிலீஷில் முதல் சொல்லை எழுதுவதற்கு முன் யார் என்று தெரிய வேண்டும். ‘ஐ வாண்ட் ஹிம் டு கம்’ என்றால் மனைவி ஆசைப்படுகிறாள். கம்பெனிக்கு அவள் யார்? ‘ஹீ வாண்ட்ஸ் டு கம்’ என்றால் அவர் வேலையை விட்டுவிட்டு வர நினைக்கிறார், அங்கே அவருக்கே அது வினையாகலாம். ‘வீ வாண்ட் யூ டு செண்ட் ஹிம்’ என்றால் கம்பெனிக்குக் கட்டளை, அவர் இரண்டு தடவை செயப்படுபொருள். ‘ஹீ மஸ்ட் கம்’ என்றால் யார் சட்டம்?

“அவர் வர ஆசைப்படறாரா, நீங்க கூப்பிடறீங்களா?” என்று கேட்டேன்.

அவள் பதில் சொல்லவில்லை. மாமியார்தான், “என்ன கேள்வி இது? எம் புள்ள வரணும்” என்றார்.

மூன்று பேர் வேண்டுகிறார்கள், அங்கே இருக்கிறவரையும் சேர்த்து. பிள்ளைகளைச் சேர்த்தால் ஐந்து. ‘வரணும்’ என்ற சொல்லில் ஐந்து பேரும் இருந்தார்கள். யாரும் முன்னால் வந்து நிற்கவில்லை, யாரும் பின்னால் ஒளியவும் இல்லை. இடம் காலியாக இருந்ததால்தான் எல்லோரும் உட்கார முடிந்தது.

கடைசியில் ‘இட் ஈஸ் நெஸசரி ஃபார் ஹிம் டு கம் ஹோம்’ என்று எழுதினேன். இங்கிலீஷ் தன் வசம் வைத்திருக்கிற ஆளில்லாத வாக்கியம் அது. ‘இட்’ என்று ஒரு பொம்மையை முன்னால் நிறுத்திவிட்டு அவசியத்தைச் சொல்வது. ‘ஃபார் ஹிம்’ என்பது ஏறக்குறைய நம் ‘அவருக்கு’. நம் ‘வேண்டும்’ போன்றதற்கு அதைவிட நெருங்கி வர எனக்குத் தெரியவில்லை. ஒரு மாதம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது: அவசியத்துக்குக் காரணத்தையும் அத்தாட்சியையும் அனுப்புக. அதாவது, யாருக்கு அவசியம்? ஆபீஸ் மொழி அந்தப் பொம்மையை நொடியில் தள்ளிவிட்டது. மாமியாருக்கு நிஜமாகவே சர்க்கரை இருந்தது, காலில் ஆறாத புண். டாக்டர் சர்டிபிகேட் வைத்து மறுபடி எழுதினோம். விரும்புகிறவருடைய இடத்தில் ஒரு வியாதி போய் உட்கார்ந்தது. அதைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. சில மாதங்களில் அவர் வந்துவிட்டார்.

அந்த முதல் பதிலைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அது கேட்ட கேள்வி தப்பான கேள்வி என்று சொல்ல முடியவில்லை. தப்பான ஆளிடம் கேட்ட சரியான கேள்வி.

5

அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய ஆட்கள் நாம்.

நம் பத்திரிகைகளில் வருகிற விமர்சனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1959இல் ‘எழுத்து’ தொடங்கியதிலிருந்து இன்று வரை நாம் எழுதிவந்திருக்கிற வாக்கியங்களில் எத்தனை ‘வேண்டும்’மில் முடிகின்றன? கவிதை புரிய வேண்டும். கவிதை அனுபவமாக வேண்டும். படைப்பு காலத்தைப் பிரதிபலிக்க வேண்டும். எழுத்தாளன் மக்களுக்குப் பொறுப்பாக இருக்க வேண்டும். இல்லை, தன் பிரக்ஞைக்கு மட்டும் பொறுப்பாக இருக்க வேண்டும். எதிரெதிர் முகாம்களில் இருந்தவர்கள் எல்லாம் இந்த ஒரு சொல்லில் ஒற்றுமையாக இருந்திருக்கிறார்கள். யாருக்கு வேண்டும் என்பது எழுதப்படவில்லை. ‘எனக்குக் கவிதை புரிய வேண்டும்’ என்று எழுதியிருந்தால் அது ஒரு ஆளின் தேவையாக, பேசித் தீர்க்கக்கூடியதாக இருந்திருக்கும். ‘எனக்கு’ என்பதை எடுத்துவிட்டால் தேவை விதியாகிவிடுகிறது. எழுதுகிறவன் தன் ஆசையை எழுதிவிட்டு, அதை மழை மாதிரி, வெயில் மாதிரி ஒரு படர்க்கை நிகழ்ச்சியாக வானத்தில் தொங்கவிட்டுவிடுகிறான்.

கூனிமேட்டுப் பெண்ணின் ‘வரணும்’மும் விமர்சகனின் ‘வேண்டும்’மும் இலக்கணத்தில் ஒன்றே. இரண்டிலும் விரும்புகிறவரின் இடம் காலி. ஆனால் அவளுடைய வாக்கியத்தில் அந்தக் காலி இடம் ஐந்து பேருக்கு இடம் கொடுத்தது. இவனுடைய வாக்கியத்தில் அது ஒருவன் ஒளிந்துகொள்ளப் பயன்படுகிறது. ஒரே மொழி அமைப்பு ஒரு கையில் பெருந்தன்மை, இன்னொரு கையில் மோசடி. அமைப்பைப் பார்த்து இரண்டையும் பிரிக்க முடியாது. யார் சொல்கிறார்கள், சொல்கிறவருக்கு அதில் என்ன நஷ்டம் உண்டு என்று பார்த்துத்தான் பிரிக்க முடியும். அவள் சொல் பலிக்காவிட்டால் அவளுக்கு நஷ்டம். கவிதை புரியாமல் போனால் விமர்சகனுக்கு என்ன நஷ்டம்?

கவிஞனுக்கு இதனால் வேறு ஒரு காரியம் இருக்கிறது. ஆள் தெரியாத ‘செய’வும் ‘வேண்டும்’மும் அவனுக்குக் கிடைத்த சொத்து. வெயிலையும் ஆளையும் சாய்க்காமல் ஒரே வரியில் நிறுத்த வேறு எத்தனை மொழிகளில் இவ்வளவு எளிதாக முடியுமோ தெரியாது. இங்கிலீஷைப் பார்த்து அதை விட்டுவிடுகிறவன் கைப்பொருளைத் தொலைக்கிறான். அவன் ‘நான்’ என்று எழுதுவதற்கு முன் அது வாக்கியத்துக்குத் தேவையா, மொழிபெயர்ப்புப் பழக்கமா என்று ஒரு தரம் நின்று பார்க்கலாம். விமர்சகன் செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. ‘வேண்டும்’ என்று எழுதுவதற்கு முன் ‘எனக்கு’ என்று எழுதிப் பார்க்கலாம். சில வாக்கியங்கள் அப்போதும் நிற்கும். பல, சொல்லவே கூச்சமாகிவிடும்.

எனக்கு, இந்தப் பக்கங்களில் வருகிற விமர்சனம் அப்படி எழுதப்பட வேண்டும்.